வகுப்புரைப் பதிவும் எல்லைத் தமிழ் மாணவரும்: ஓர் ஆய்வு

முன்னுரை

ஆசிரியர் வகுப்பில் நிகழ்த்தும் விரிவுரையை மாணவர் தம் கைபேசியில் ஒலியாகவோ காணொளியாகவோ பதிந்துகொண்டு, பின்னர் வேண்டும்போது கேட்டுப் படிப்பது இன்றைய உயர்கல்வியில் பரவலான வழக்கமாகிவிட்டது. முன்வரிசை மேசைமீது கைபேசியை வைத்துப் பாடம் முழுவதையும் ஒலிப்பதிவு செய்வோர், கரும்பலகையை மட்டும் படமெடுத்துக்கொள்வோர், வராத தோழருக்காகப் பதிந்து வாட்ஸ்அப் குழுவில் இடுவோர் என இதைக் கையாள்வோர் பல திறத்தினர். இவ்வழக்கம் கற்றலுக்குத் துணைசெய்கிறதா அன்றிக் கவனத்தைக் குலைக்கிறதா என்பதும், பேசிய ஆசிரியரின் உரிமை எது, கேட்ட மாணவரின் உரிமை எது என்பதும், பதிந்தது எவர் கைக்கெல்லாம் போகலாம் என்பதும் கல்வியாளரும் சட்ட அறிஞரும் நெடுங்காலமாக விவாதித்து வருபவை. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துப் பெருமாட்டியையும், அதனைப் போலவே தமிழர் வாழும் இடுக்கி மலைப்பகுதிகளையும் முன்வைத்து இவ்வினாக்களை ஒருங்கே நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒருமுறை கேட்டதும் பாடம் விளங்காத மாணவருக்கே பதிவு பெரிதும் பயன்படுகிறது என்பதால், இருமொழிச் சூழலில் கல்வி பெறும் எல்லைத் தமிழரிடமிருந்து இவ்வாய்வைத் தொடங்குவது பொருத்தமுடையது.

ஆய்வுக்களம்

பெருமாட்டி, பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கோவை மாவட்டத்துப் பொள்ளாச்சிப் பகுதியை ஒட்டி அமைந்த ஊராட்சி. 2000-இல் தொடங்கப்பட்டு 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றுபோன கோகோ-கோலா ஆலையையும், அதற்கெதிரான தண்ணீர்ப் போராட்டத்தையும் கொண்ட பிளாச்சிமடை இவ்வூராட்சியைச் சேர்ந்ததே. 1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் உருவானபோது, முன்பு கொச்சி அரசின் ஆட்சியில் இருந்த சித்தூர் வட்டம் கேரளத்தோடு இணைந்தது. கிழக்குக் கிராமங்களில் தமிழே வீட்டுமொழியாகவும் சந்தைமொழியாகவும் தொடர்ந்தது. இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை வட்டங்களின் தேயிலை, ஏலத் தோட்டங்களிலும் நிலைமை இதுவே. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கும் வசதியை ஏற்படுத்த மாநிலங்கள் முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 350அ பிரிவு கூறுவதற்கு இணங்க, இவ்விரு மாவட்டங்களிலும் தமிழ்வழிப் பள்ளிகள் இயங்கிவருகின்றன.

சிக்கல் பள்ளிக்குப் பின் தொடங்குகிறது. தமிழ்வழியில் பயின்று வெளிவரும் மாணவர் 1947-இல் தொடங்கப்பட்ட சித்தூர் அரசுக் கல்லூரிக்கோ, பாலக்காடு விக்டோரியா கல்லூரிக்கோ, எல்லை தாண்டிப் பொள்ளாச்சி, கோவைக் கல்லூரிகளுக்கோ செல்கின்றனர். கேரளக் கல்லூரியில் சேர்வோர் தமிழிலக்கியத்தைப் பாடமாக எடுத்தாலன்றி, பாடநூல் ஆங்கிலத்திலும் ஆசிரியரின் விளக்கம் பெரும்பாலும் மலையாளத்திலும் அமையும் வகுப்பில் அமர வேண்டியவராகின்றனர். மலையாளம் இவர்களுக்கு அயல்மொழியன்று. பேருந்திலும் கடையிலும் அன்றாடம் புழங்குவதே. ஆயினும் பேச்சில் புழங்கும் மொழி வேறு, துறைச்சொற்கள் செறிந்த வகுப்பு மொழி வேறு. பொருளியல் வகுப்பில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் கைவிட நேரும் மற்றொன்றின் மதிப்பை விளக்கும் ஆசிரியர், வாய்ப்பு என்னும் பொருளில் ‘அவசரம்’ என்று மலையாளத்தில் சொல்லும்போது, தமிழ்ச் செவி அதை விரைவு என்று கொண்டுவிட, அடுத்த இரண்டு வாக்கியங்கள் பிடிபடாமலே கடந்துபோகின்றன. பிழை நேர்ந்தது எங்கே என்பதை வீட்டில் மெதுவாக மீண்டும் கேட்டுக் கண்டுகொள்ள ஒலிப்பதிவு வழிசெய்கிறது. எனவே பிற மாணவருக்கு வசதியாக இருப்பது எல்லைத் தமிழ் மாணவருக்குத் தேவையாகவே ஆகிறது.

கேட்டலும் குறித்தலும்: மரபின் பார்வை

பாடத்தை மீண்டும் கேட்க வேண்டும் என்னும் கருத்து கைபேசியோடு பிறந்ததன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், தன் பொதுப்பாயிரத்தில் பாடஞ்சொல்லும் முறையோடு பாடங்கேட்கும் முறையையும் தனிப் பகுதியாக வகுத்துரைக்கிறது. ஒரு நூலை இரண்டு முறை கேட்பவனுக்கு அதில் பெரும்பிழை நேராது என்றும், மூன்று முறை கேட்பவன் அதை முறையறிந்து பிறருக்கு எடுத்துரைக்கும் ஆற்றல் பெறுவான் என்றும் அந்நூல் கூறுகிறது. அதனை அடுத்து அது வைக்கும் கணக்கு இவ்வாய்வுக்கு இன்னும் முதன்மையானது. ஆசிரியர் உரைத்ததை எவ்வளவு நன்றாக மனங்கொண்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது புலமையின் காற்பங்கே. உடன்பயில்வோரோடு பழகி ஆராய்வதால் மற்றொரு காற்பங்கு கிட்டும். பிறருக்குத் தான் எடுத்துச் சொல்வதாலேயே எஞ்சிய அரைப்பங்கும் நிறைவுறும் என்பது அதன் முடிவு. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்கும் வாய்ப்பைக் கைபேசி தருகிறது. ஆனால் அது தருவது முதற் காற்பங்கைச் செம்மையாகப் பெறும் வழி மட்டுமே என்னும் வரையறையையும் நன்னூலே வகுத்துத் தந்திருக்கிறது எனலாம்.

ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய காலத்திலும் ஆசிரியர் சொல்லச்சொல்ல விரைந்து எழுதுவது தனித்திறனாக மதிக்கப்பட்டது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) செய்யுள்களை வாய்மொழியாகச் சொல்லிவர மாணாக்கர் ஏட்டில் எழுதிய முறையை அவர் மாணவர் உ.வே. சாமிநாதையர் தம் வரலாற்று நூலில் விரிவாகப் பதிந்துள்ளார். ஐரோப்பாவிலும் மாணவர் குறிப்புகள் பெரும்பயன் விளைத்துள்ளன. ஜெனீவாவில் மொழியியல் கற்பித்த பெர்டினாண்ட் டி சசூர் 1913-இல் மறைந்தபின், மாணவர் எடுத்த வகுப்புக் குறிப்புகளை முதன்மையாகக் கொண்டே அவரது பொதுமொழியியல் நூல் 1916-இல் தொகுத்து வெளியிடப்பட்டது. மாணவர் கையில் எழுதியவை இல்லாதிருந்தால் இருபதாம் நூற்றாண்டு மொழியியலின் அடிப்படை நூலொன்று உருப்பெற்றிராது.

மரபின் இப்பக்கத்தோடு பூசலின் பக்கமும் உண்டு. இலண்டன் புனித பார்த்தலோமியோ மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஜான் அபெர்னெத்தி நிகழ்த்திய விரிவுரைகளை, 1823-இல் தொடங்கப்பட்ட ‘தி லான்செட்’ இதழ் அவர் இசைவின்றி அச்சிட்டபோது வழக்கு நேர்ந்தது. கட்டணம் செலுத்திக் கேட்க வந்த மாணவர் தம் பயன்பாட்டுக்காகக் குறிப்பெடுக்கலாம், ஆனால் ஆதாயத்துக்காக அதை வெளியிட இயலாது என்னும் கருத்தின் அடிப்படையில் 1825-இல் எல்டன் பிரபு இதழுக்குத் தடை விதித்தார். 1887-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் கெயர்டின் மெய்யியல் விரிவுரைகளைப் புத்தக வணிகர் ஒருவர் அச்சிட்ட வழக்கில், மாணவரிடம் வகுப்பில் பேசுவது உலகத்தாருக்கு வெளியிடுவது ஆகாது என்று பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. தனக்காகக் குறித்துக்கொள்வதும் ஊருக்குப் பரப்புவதும் வெவ்வேறு செயல்கள் என்னும் இவ்வேறுபாடே இன்றைய கைபேசி விவாதத்துக்கும் அடித்தளமாக நிற்கிறது.

கருவி செய்வதும் செய்யாததும்

கைபேசிப் பதிவின் இயல்பை அறிந்தாலன்றி அதன் பயனை மதிப்பிட இயலாது. பேச்சொலியைச் சுருக்கிச் சேமிக்கும்போது நொடிக்கு 64 கிலோபிட் என்னும் அளவில் ஒரு மணி நேர விரிவுரை ஏறத்தாழ 29 மெகாபைட் இடத்தை எடுத்துக்கொள்ளும். அதே விரிவுரையை முழு உயர்தெளிவுக் காணொளியாகப் பதிந்தால், சுருக்கும் முறையைப் பொறுத்து, மூன்றரை முதல் எட்டு கிகாபைட் வரை தேவைப்படும். குறைந்த விலைக் கைபேசியும் அளவிட்ட தரவுத் திட்டமும் வைத்திருக்கும் கிராமத்து மாணவருக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. ஒலிப்பதிவை மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். காணொளியோ ஒரே வாரத்தில் கைபேசியை நிரப்பிவிடும். ஆகவே பாடம் பெரிதும் பேச்சாக அமைந்தால் ஒலிப்பதிவும், பலகையில் எழுதியவற்றுக்கு ஒளிப்படமும் போதுமானவை.

தொலைவு மற்றொரு காரணி. ஒலியின் செறிவு தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், பேசுபவரிடமிருந்து உள்ள தொலைவு இரட்டிக்கும்போது நேராக வந்தடையும் ஒலி ஏறத்தாழ ஆறு டெசிபெல் தாழ்கிறது. சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் மின்விசிறி இரைச்சலும் குறைவதில்லை. கடைசி வரிசையில் செய்த பதிவு தெளிவில்லாமல் போவதற்கு இதுவே காரணமாகும். முன்மேசையில் நான்காக மடித்த கைக்குட்டைமீது கைபேசியை வைத்தால் மேசை அதிர்வின் இரைச்சல் குறையும். விமானப் பயன்முறையில் வைத்தால் இடையில் அழைப்பு வந்து பதிவு அறுபடாது. ஆசிரியருக்கு அருகே ஒரே ஒரு கருவி தெளிவாகப் பதிந்து அதை வகுப்பு முழுவதும் பகிர்வது, நாற்பது கருவிகள் நாற்பது இடங்களிலிருந்து மங்கலாகப் பதிவதைவிட எல்லா வகையிலும் மேலானது.

கருவியால் பிடிக்க முடியாதவையும் உள்ளன. தேவைக்கோட்டை வரைந்து காட்டும் ஆசிரியர், விலை மாறினால் புள்ளி ‘இங்கிருந்து இங்கே’ நகரும், வருமானம் மாறினால் கோடே ‘அப்படி’ விலகும் என்று கையால் சுட்டிச் சொல்லும்போது, ஒலிப்பதிவில் எஞ்சுவது ‘இங்கே’, ‘அப்படி’ என்னும் சொற்கள் மட்டுமே. மாணவர் ஏட்டில் படம் வரைந்து, அதன் அருகே பதிவின் நிமிடத்தைக் குறித்துவைத்திருந்தாலன்றி அப்பகுதியை எத்தனை முறை கேட்டும் பயனில்லை. கணிதம், இயற்பியல் போன்ற பாடங்களில் இவ்விடர்ப்பாடு மிகுதி. இலக்கியம், வரலாறு, சட்டம் ஆகியவற்றில் குறைவு.

பேச்சைத் தானே எழுத்தாக்கும் செயலிகள் அண்மைக் காலத்தில் பெருகியுள்ளன. இந்திய மொழிகளுக்கெனச் சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழுவும், 2022-இல் தொடங்கப்பட்ட நடுவண் அரசின் பாஷினித் திட்டமும் பணியாற்றி வருகின்றன. எனினும் ஒரே வாக்கியத்தில் ஆங்கிலத் துறைச்சொல், மலையாள வினை, இடையில் மாணவருக்காக ஒரு தமிழ்ச் சொல் எனக் கலந்து வரும் எல்லை வகுப்பின் பேச்சு, ஒருமொழிப் பேச்சைக் கொண்டு பயிற்றப்பட்ட கருவிகளுக்குக் கடினமானது. அவை பிழைபடுவதும் பெரும்பாலும் துறைச்சொல்லிலேயே. தேர்வுக்கு வேண்டியதும் அச்சொல்லே. எனவே தானியங்கி எழுத்தாக்கத்தை மூலத்தோடு ஒப்பிடாமல் அப்படியே நம்புவது தகாது.

நினைவும் குறிப்பும்: ஆய்வுகள் கூறுவன

மறதியைக் கணக்கிட்டு ஆராய்ந்த முன்னோடி ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ். பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து சோதித்து 1885-இல் அவர் வெளியிட்ட முடிவுகளின்படி, கற்றதில் பாதிக்கு மேல் ஒரு மணி நேரத்துக்குள்ளும், மூன்றில் இரண்டு பங்களவு ஒரு நாளுக்குள்ளும் நழுவிவிடுகிறது. பொருளுள்ள பாடம் இவ்வளவு விரைவாக மறப்பதில்லை என்றாலும், மீள்பார்வை இல்லாத கல்வி நிலைக்காது என்னும் அவரது அடிப்படை முடிவு இன்றும் ஏற்கப்படுகிறது. பதிவின் பயனை ஆதரிப்போர் முதலில் சுட்டுவது இதனையே.

ஆயினும் மீண்டும் கேட்பதும் நினைவில் நிறுத்துவதும் ஒன்றல்ல. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் படித்தோர் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முன்னணியில் இருந்தனர். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, மீண்டும் படிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தோரே மிகுதியாக நினைவுகூர்ந்தனர். பதிவைக் கேட்கையில் எல்லாம் தெரிந்தது போன்ற உணர்வு தோன்றுவதும், தாளில் எழுத முயலும்போது அது பொய்த்துப் போவதும் இதனாலேயே. பிறருக்கு எடுத்துச் சொல்வதில் பாதிப் புலமை அடங்கியுள்ளது என்னும் நன்னூலின் கணக்கை இவ்வாய்வு மற்றொரு வழியில் வந்து உறுதிசெய்கிறது.

குறிப்பெடுத்தல் பற்றிய ஆய்வுகள் இன்னும் தீர்வு காணாதவை. மடிக்கணினியில் தட்டச்சு செய்வோர் ஆசிரியர் சொற்களை அப்படியே எழுதுகின்றனர், கையால் எழுதுவோர் சுருக்கி எழுத நேர்வதால் கருத்தை நன்கு உள்வாங்குகின்றனர் என்று 2014-இல் முல்லரும் ஓப்பன்ஹைமரும் வெளியிட்ட ஆய்வு பெரும்புகழ் பெற்றது. 2021-இல் அதே சோதனையைத் திரும்பச் செய்த குழுவினர், தட்டச்சு செய்வோர் மிகுதியாகவும் சொல்லுக்குச் சொல்லாகவும் எழுதுவதைக் கண்டபோதிலும், மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. வகுப்புரைப் பதிவால் வருகை குறைகிறதா என்பதிலும் பல நாட்டு ஆய்வுகள் ஒருமித்த முடிவைத் தரவில்லை. வகுப்புக்கு வந்து, விளங்காத இடத்தை மட்டும் பின்னர்க் கேட்பவர் பயனடைகின்றனர். வகுப்புக்குப் பதிலாகப் பதிவை வைத்துக்கொள்பவர் பின்தங்குகின்றனர் என்பதே அவற்றில் திரும்பத் திரும்ப வெளிப்படும் போக்கு.

இங்குக் காலக்கணக்கும் நினைக்கத்தக்கது. நாளொன்றுக்கு ஐந்து மணி நேர வகுப்பை முழுமையாகப் பதியும் மாணவர், அதை இயல்பான வேகத்தில் கேட்க மீண்டும் ஐந்து மணி நேரம் செலவிட வேண்டும். ஒன்றரை மடங்கு வேகத்திலும் மூன்று மணி இருபது நிமிடம் ஆகும். தோட்டத்திலோ வயலிலோ மாலையில் கைகொடுக்க வேண்டிய வீட்டுப் பிள்ளைக்கு அவ்வளவு நேரம் கிடைப்பதரிது. ஆகையால் முழுவதையும் பதிந்து எதையும் கேளாதவரைவிட, ஏட்டில் கேள்விக்குறியிட்ட மூன்று இடங்களை மட்டும் பதினைந்து நிமிடத்தில் கேட்டு, கேட்டதைத் தமிழில் தம் சொல்லால் எழுதிப் பார்ப்பவரே கருவியைத் திறமையாகப் பயன்படுத்துபவர்.

பெருந்தொற்றுக் காலம் புகட்டிய பாடம்

பதிவு செய்த வகுப்பு ஒரு மாநிலம் முழுவதற்கும் கல்விச்சாலையாக மாறிய அனுபவம் கேரளத்துக்கு உண்டு. விண்வெளி வழிக் கல்விக்காக எஜுசாட் செயற்கைக்கோள் 2004 செப்டம்பரில் ஏவப்பட்டதைத் தொடர்ந்து, கேரளத்தின் விக்டர்ஸ் கல்வி வலையமைப்பைக் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் 2005 ஜூலையில் தொடங்கிவைத்தார். பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, 2020 ஜூன் 1 முதல் மாநில அரசின் கல்வித் தொழில்நுட்ப அமைப்பான கைட் நிறுவனம் விக்டர்ஸ் அலைவரிசையில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்னும் பெயரில் பாடங்களை ஒளிபரப்பியது. மலையாளப் பாடங்கள் தொலைக்காட்சியில் வந்தன; தமிழ்வழிப் பாடங்கள் பாலக்காட்டிலிருந்தும் கன்னடவழிப் பாடங்கள் காசர்கோட்டிலிருந்தும் யூடியூப் வழியே தரப்பட்டன. தமிழ்வழிப் பாடத்தைக் காணத் தொலைக்காட்சிப் பெட்டி மட்டும் போதாது, இணையமும் கைபேசியும் வேண்டும் என்னும் நிலை இதனால் உருவாயிற்று.

தொலைக்காட்சியோ இணையமோ இல்லாத மாணவர் மாநிலத்தில் சுமார் 2.6 லட்சம் பேர் எனத் தொடக்கத்திலேயே கணக்கிடப்பட்டது. மூணாறுக்கு அருகே ராஜமலைத் தோட்டக் குடியிருப்பு மாணவர் அலைவரிசை கிடைக்கும் இடம் தேடி இரவிகுளம் தேசியப் பூங்கா வாயிற்பக்கம் சாலையோரத்தில் அமர்ந்து படித்தது 2021-இல் செய்தியாயிற்று. 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக அமைந்த எடமலைக்குடியின் முதுவர் குடிகளுக்கு அந்த வாய்ப்பும் அரிதாக இருந்தது. ஒருமுறை கையில் வந்துவிட்டால் இணையம் இல்லாமலே திரும்பத் திரும்பக் கேட்கக்கூடிய சிறிய ஒலிக்கோப்பின் அருமை இத்தகைய இடங்களில் விளங்குகிறது. மறுபுறம், சந்தேகம் கேட்கவும் தோழரோடு பேசவும் வழியற்ற பதிவு மட்டும் கல்வியாகிவிடாது என்பதையும் அக்காலம் உணர்த்திற்று.

ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003-இல் தொடங்கிய என்பிடிஇஎல், 2017-இல் வந்த ஸ்வயம் ஆகியவற்றில் ஆயிரக்கணக்கான மணி நேர விரிவுரைகள் இலவசமாகக் கிடைக்கும்போது வகுப்பைப் பதிவானேன் என்னும் வினா எழலாம். பொது விரிவுரை துறையைக் கற்பிக்கும். தம் வகுப்பின் ஆசிரியர் எந்தப் பகுதியை அழுத்திச் சொன்னார், எந்த எடுத்துக்காட்டை உள்ளூரிலிருந்து எடுத்தார், எந்தப் பிழையைத் திருத்தினார் என்பதை அது கூறாது. இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல.

சட்டத்தின் நிலை

இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இப்பொருளில் பலரும் எண்ணுவதைவிடத் தெளிவானது. அச்சட்டத்தில் ‘நிகழ்த்துநர்’ என்னும் சொல் நடிகர், பாடகர் ஆகியோரோடு விரிவுரை நிகழ்த்துபவரையும் உள்ளடக்குகிறது. அவர்தம் நிகழ்த்துதலைப் பதிவு செய்யும் உரிமை அவருக்கே உரியது. அவ்வுரிமை ஐம்பது ஆண்டுகள் நிலைக்கும். ஆயினும் பதிபவர் தம் தனிப்பட்ட பயன்பாட்டுக்காகவோ, உண்மையான கற்பித்தலுக்கோ ஆராய்ச்சிக்கோ மட்டும் செய்யும் பதிவு உரிமை மீறல் ஆகாது என்று 39-ஆம் பிரிவு விலக்களிக்கிறது. தனிப் பயன்பாட்டுக்கும் ஆராய்ச்சிக்குமான நேரிய கையாளுதலை 52-ஆம் பிரிவும் அனுமதிக்கிறது. அரசுக் கல்லூரியில் பணியின் பகுதியாக நிகழ்த்தும் உரையின் பதிப்புரிமை ஆசிரியருக்கா நிறுவனத்துக்கா என்பது இன்னும் விவாதத்துக்குரியதே. எனினும் மாணவருக்கு அதை விற்கவோ பொதுவெளியில் பரப்பவோ உரிமை இல்லை என்பதில் ஐயமில்லை.

கல்விக்கான பயன்பாட்டை இந்திய நீதிமன்றங்கள் பரந்த மனத்தோடு நோக்கியுள்ளன. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பாடநூற் பகுதிகளை நகலெடுத்துத் தொகுத்தது குறித்து வெளிநாட்டுப் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம் கற்பித்தலின் தேவைக்கான நகலெடுப்பை ஏற்றுக்கொண்டது. வணிகத்தை நோக்கிய பரப்பலிலோ அதே நீதிமன்றம் கண்டிப்பாக நடந்துகொண்டது. போட்டித் தேர்வுப் பயிற்சி ஆசிரியர் ஒருவரின் காணொளிகளும் பாடக்குறிப்புகளும் டெலிகிராமில் இசைவின்றிப் பரப்பப்பட்ட வழக்கில், பரப்பிய அலைவரிசைகளின் விவரங்களை வெளிப்படுத்துமாறு 2022 ஆகஸ்டில் அந்நிறுவனத்துக்கு ஆணையிட்டது.

கைபேசியை வைத்திருக்கும் உரிமை வேறொரு வினா. கோழிக்கோடு மாவட்டத்தின் ஒரு கல்லூரி விடுதியில் மாலை நேரத்தில் கைபேசி பயன்படுத்தக் கூடாது என்னும் விதியை எதிர்த்த மாணவியின் வழக்கில், இணைய அணுகல் கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் இணைந்தது என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. கேரளப் பள்ளிகளிலோ மாணவர் கைபேசி கொண்டுவருவதற்குத் தடை உள்ளது. யுனெஸ்கோவின் 2023 உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கையும் கற்றலுக்கு உதவும் இடத்தில் மட்டுமே கைபேசி வேண்டும் என்று வலியுறுத்தியது. எனவே பள்ளியில் பதிவு வேண்டுமானால் அதைப் பள்ளியே செய்ய வேண்டும். மாணவர் தாமே பதிவது கல்லூரிக்கு உரியதாகிறது. பள்ளி பதியும்போது குழந்தைகளின் குரலும் முகமும் அதில் சேர்வதால், பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் தரவுக்குப் பெற்றோர் இசைவைக் கோரும் 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் கருத்திற்கொள்ள வேண்டும்.

மாற்றுத்திறன் கொண்ட மாணவர் நிலை தனித்துக் கருதத்தக்கது. பார்வைக் குறைபாடு, எழுதுவதில் இடர்ப்பாடு, கற்றல் குறைபாடு ஆகியவை உடையோருக்குப் பதிவு சலுகையன்று. கல்வியில் தேவைக்கேற்ற வசதிகளைச் செய்துதர 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் கடமைப்படுத்துவதால், இவர்களுக்கு இசைவை மறுப்பது நியாயமாகாது.

ஆசிரியரின் அச்சம்

ஆசிரியர் பலர் பதிவை விரும்பாமைக்குக் காரணம் பிடிவாதமன்று. வகுப்பு என்பது முயன்றுபார்க்கும் இடம். ஆசிரியர் தவறாகச் சொல்லித் திருத்திக்கொள்வார், எதிர்க்கருத்தை அதன் வலிமை தோன்ற எடுத்துரைப்பார், சாதியோ சமயமோ அரசியலோ பற்றிக் கூர்மையான வினாவை எழுப்புவார். நாற்பது நிமிட வாதத்திலிருந்து வெட்டியெடுத்த இருபது நொடித் துணுக்கு, அவர் மறுக்க வந்த கருத்தையே அவர் கருத்தாகக் காட்டிவிடக்கூடும். மாணவரும் இதே இடரில் உள்ளனர். தம் தடுமாறும் மலையாளமோ ஆங்கிலமோ எவர் கைபேசியிலோ பதிவாகி நகைப்புக்குள்ளாகும் என்று அஞ்சும் தமிழ் மாணவர் வகுப்பில் வினா எழுப்பவே தயங்குவார். எவருக்கு உதவ வேண்டும் என்று பதிவை ஆதரிக்கிறோமோ அவரையே அது வாயடைக்கச் செய்துவிடும் இம்முரண்பாட்டை எளிதாகக் கடந்துசெல்லலாகாது.

அமெரிக்க மாநிலங்களின் சட்டங்கள் இரு துருவங்களில் நிற்கின்றன. கலிபோர்னியா மாநிலம் ஆசிரியரின் முன்னிசைவின்றி வகுப்பில் பதிவதைத் தடுக்கிறது. புளோரிடா மாநிலம் 2021-இல் இயற்றிய சட்டமோ, தனிப்பட்ட கல்விப் பயன்பாட்டுக்கும் நிறுவனத்திடம் முறையீடு செய்வதற்கும் விரிவுரையைப் பதிய மாணவரை அனுமதித்து, இசைவின்றி வெளியிட்டால் இரண்டு லட்சம் டாலர் வரை இழப்பீடு கோரலாம் என்கிறது. முன்னது ஆசிரியரின் விருப்பத்துக்கு மாணவரை முழுவதும் உட்படுத்துகிறது. பின்னது பதிவை ஆசிரியர்மீது வைக்கும் கண்காணிப்பாக்குகிறது. இவ்விரண்டையும் பின்பற்றாமல், பதிவதற்கு இசைவும் பரப்புவதற்குத் தடையும் என்னும் நடுவழியை ஏற்கும் வாய்ப்பை இந்தியச் சட்டத்தின் 39-ஆம் பிரிவே தந்துள்ளது.

நெறிமுறைக்கான பரிந்துரைகள்

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கும்போது சில நெறிகள் தெளிவாகின்றன. முதலாவது, பதிவு ஆசிரியர் அறிய நடைபெற வேண்டும். பையிலோ மேசைக்கடியிலோ ஒளித்துவைத்துப் பதிவதற்கு எக்காரணமும் ஏற்புடையதன்று. இரண்டாவது, காணொளியைத் தவிர்த்து ஒலிப்பதிவையே பொதுநெறியாகக் கொண்டு, பலகைக்கு ஒளிப்படத்தை மட்டும் அனுமதிக்கலாம். மூன்றாவது, வகுப்புக்கு ஒருவர் பதிந்து அவ்வகுப்பினரோடு மட்டும் பகிர வேண்டும்; இதனால் கைபேசி இல்லாத மாணவரும் நூலகக் கணினியில் கேட்க வழியுண்டாகும். நான்காவது, விவாதம் தொடங்கும்போது பதிவை நிறுத்தச் சொல்லும் உரிமை ஆசிரியருக்கும், தம் குரல் பதிவாக வேண்டாம் என்று கூறும் உரிமை மாணவருக்கும் இருக்க வேண்டும். ஐந்தாவது, பருவத்தேர்வு முடிந்ததும் பதிவுகளை அழித்துவிட வேண்டும். ஆறாவது, மாற்றுத்திறன் கொண்டோருக்கு மேற்கூறிய கட்டுப்பாடுகளில் தேவையான தளர்வு வேண்டும்.

எல்லைப் பகுதிக் கல்லூரிகளுக்கு இவற்றோடு மேலும் ஒரு பணி உண்டு. பாடத்தின் முதன்மைத் துறைச்சொற்களை ஆங்கிலம், மலையாளம், தமிழ் ஆகிய மூன்றிலும் ஒருபக்கப் பட்டியலாகப் பருவத் தொடக்கத்தில் தந்துவிட்டால், பதிவைக் கேட்கும் தமிழ் மாணவர் எங்கே வழிதவறினார் என்பதைத் தாமே கண்டுகொள்வார். 2024 ஜூலை 1 முதல் நான்காண்டுப் பட்டப்படிப்பு கேரளத்தில் நடைமுறைக்கு வந்து, பாடத்தேர்வும் அகமதிப்பீடும் மாறியுள்ள சூழலில், தமிழ்த் துறை உள்ள கல்லூரிகள் பிற துறைகளோடு இணைந்து இப்பட்டியலைத் தயாரிப்பது இயலாத செயலன்று. வாரம் ஒருமுறை, பதிவைக் கேட்டு வந்த மாணவர் ஒருவர் அதனைத் தமிழில் தம் தோழருக்கு எடுத்துரைக்கும் சிறு கூட்டத்துக்கும் இடமளித்தால், நன்னூல் கூறும் எஞ்சிய முக்காற்பங்குக்கும் வழி பிறக்கும்.

முடிவுரை

வகுப்புரையைக் கைபேசியில் பதிவது தன்னளவில் நன்மையும் அன்று, தீமையும் அன்று. மொழியாலோ உடற்குறையாலோ ஒருமுறை கேட்டு விளங்கிக்கொள்ள இயலாதவருக்கு அது இன்றியமையாத துணை. ஏட்டையும் வகுப்பையும் கைவிடுவோருக்கு அது படித்ததாக எண்ணவைக்கும் மயக்கம். ஆசிரியரின் இசைவோடு பதிந்து, அவ்வகுப்பினருக்குள் மட்டும் பகிர்ந்து, கேட்டதைத் தம் சொல்லில் எழுதியும் எடுத்துரைத்தும் பழகும் முறையில்தான் அதன் பயன் முழுமை பெறும். முழுத்தடையும் முழுச்சுதந்திரமும் ஒருங்கே தவறான வழிகள். விதியே இல்லாமல் ஒவ்வோர் ஆசிரியரின் மனநிலைக்கு விட்டுவிடும் இன்றைய நிலை அவ்விரண்டையும்விடத் தவறானது. ஆதலால் சித்தூர் வட்டத்திலும் இடுக்கி மலைப்பகுதியிலும் உள்ள கல்லூரிகள், அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்கு முன்னரே ஆசிரியர், மாணவர் இருதரப்பையும் கலந்து, ஒரு பக்க அளவில் பதிவு நெறிமுறை ஒன்றை மலையாளத்திலும் தமிழிலும் எழுதி, சேர்க்கையின்போதே ஒவ்வொரு மாணவர் கையிலும் தர வேண்டும்.